இடையூறில்லாப் பொருத்தங்கள்

(வெள்ளி விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வெள்ளி விழா மேடையில் கணிதம் பேசுவதா என்று சிலர் ஐயுறக் கூடும். வாழ்த்துரை நல்கப் பெரியோர் பலர் இவண் வந்துள்ளனர். அப்பணியை அவர்கள் நம்மினும் சிறப்பாகச் செய்வர். கல்விச் சங்கம் ஒன்றின் விழாவில் கல்விப் பொருள் ஒன்றை அவையின் முன் வைப்பதே நாம் செலுத்தத்தக்க காணிக்கை எனக் கருதுகிறோம். எடுத்துக்கொண்ட பொருள் புதியது. ஆயினும் கூட்டல், கழித்தல் தெரிந்த எவரும் இதனுள் நுழைய முடியும். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் கையில் தாளும் எழுதுகோலும் வைத்துக்கொண்டு நம்மோடு உடன் வரலாம்.

நம்மில் மூத்தோர் பலர் ஓராசிரியர் பள்ளியில் பயின்றவர்கள். ஒரே கூடம், அதற்குள் ஐந்து வகுப்புகள். இரண்டாம் வகுப்பு வாய்பாடு ஒப்பிக்கும் வேளையில் அருகிலேயே மூன்றாம் வகுப்பு செய்யுள் ஒப்பித்தால், வாய்பாடும் கெடும், செய்யுளும் கெடும். ஆகவே ஆசிரியர் ஒரு வகுப்பை உரக்கப் படிக்கச் சொல்லி, மற்றொன்றைச் சிலேட்டில் எழுதச் சொல்லுவார். கூடத்தின் இரு கோடிகளில் இருப்போரை மட்டும் ஒரே நேரத்தில் வாய் திறக்க விடுவார். யார் யார் ஒரே வேளையில் பேசினால் ஒருவர்க்கொருவர் இடையூறு நேராது என்பதே அந்த ஆசிரியர் நாள்தோறும் தீர்த்த கணக்கு. இன்று நாம் பேசவிருப்பதும் அக்கணக்கே. கூடம் மட்டும் மிகப் பெரியது.

பொருளின் விளக்கம்

சில புள்ளிகளை இடுவோம். சில புள்ளிகளுக்கிடையே கோடு இழுப்போம். இதனைக் கணித நூலார் கோட்டுரு என்பர். நாம் எளிமை கருதி வலை என்று சொல்வோம். புள்ளி என்பது ஒரு நிலையம். கோடு என்பது ஒருவர் குரல் மற்றவர் காதில் விழும் என்பதற்கு அடையாளம்.

இவ்வலையிலிருந்து சில சோடிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒரு புள்ளி இரண்டு சோடிகளில் இடம் பெறாதிருந்தால், அத்தொகுதிக்குப் பொருத்தம் என்று பெயர். ஆனால் அது மட்டும் போதாது. முதற் சோடியில் உள்ளவர் குரல் இரண்டாம் சோடியில் உள்ளவர் காதிலும் விழுமாயின் குழப்பமே மிஞ்சும். ஆகவே இன்னொரு நிபந்தனை வேண்டும். வெவ்வேறு சோடிகளைச் சேர்ந்த புள்ளிகளுக்கிடையே வலையில் எந்தக் கோடும் இருத்தலாகாது. இந்நிபந்தனையும் நிறைவேறினால் அதனைத் தூண்டப்பட்ட பொருத்தம் என்பது நூல் வழக்கு. நாம் இவ்வுரையில் அதனைத் தூய பொருத்தம் என வழங்குவோம். ஒரு தூய பொருத்தத்தில் அடங்கிய சோடிகள் அனைத்தும் ஒரே நொடியில் பேசலாம். எவர்க்கும் இடையூறு இராது.

இப்பொழுது வினாவுக்கு வருவோம். நூறு புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் இணைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். மொத்தக் கோடுகள் 4,950. இங்கு எந்த இரண்டு சோடிகளை எடுத்தாலும் குறுக்கே கோடு உண்டு. ஆகவே ஒரு முறைக்கு ஒரு சோடி மட்டுமே பேச இயலும். எல்லாரும் பேசி முடிக்க 4,950 முறைகள் ஆகும். கோடுகள் மிகக் குறைந்த வலையிலோ கூட்டம் கூட்டமாகப் பேசலாம். ஆனால் அங்கு பெரும்பாலோர்க்குத் தொடர்பே இல்லை. அனைவர்க்கும் தொடர்பும் வேண்டும், காத்திருப்பும் குறைய வேண்டும் என்றால் வழி உண்டா? கணித மொழியிற் கூறினால், கோடுகள் அடர்ந்த ஒரு வலையைப் பெரிய பெரிய தூய பொருத்தங்களாக முழுவதும் பிரித்துவிட முடியுமா?

முடியாது என்றே முதலில் தோன்றும். ஆயிரம் சோடிகள் கொண்ட ஒரு தூய பொருத்தத்தை எண்ணிப் பாருங்கள். அதில் 2,000 புள்ளிகள் உள்ளன. அவற்றிற்கிடையே இருக்கக்கூடிய கோடுகள் 19,99,000. அவற்றுள் 1,000 மட்டுமே இருக்கலாம். எஞ்சிய 19,98,000 இடங்களும் வெற்றிடமாக இருந்தாக வேண்டும். ஒரு பொருத்தம் கேட்கும் வெற்றிடமே இவ்வளவு என்றால், வலை முழுவதும் இத்தகைய பொருத்தங்களால் ஆகியிருந்தும் வலை ஏறத்தாழ நிறைந்திருப்பது எங்ஙனம்? ஒரே வெற்றிடம் எண்ணற்ற பொருத்தங்களுக்குப் பொதுவாகப் பயன்பட்டால் அன்றி இது கூடாது. அவ்வாறு பயன்படுத்தும் வித்தையே இவ்வுரையின் உள்ளீடு.

ஒரு கைக்கணக்கு

மாணவர்கள் தாளை எடுத்துக்கொள்ளலாம். ஒலிபரப்பும் நிலையங்களை 1, 2, 3 என ஒரு வரிசையாகவும், கேட்கும் நிலையங்களை 1, 2, 3 என மற்றொரு வரிசையாகவும் எழுதுங்கள். ஒலிபரப்பும் நிலையம் ஒவ்வொன்றின் குரலும் தன் எண்ணோடு 1, 2, 4, 5 ஆகியவற்றைக் கூட்டினால் வரும் நான்கு கேட்கும் நிலையங்களில் மட்டும் விழும் என்பது விதி. எனவே 1-இன் குரல் 2, 3, 5, 6 ஆகிய நிலையங்களில் விழும். 2-இன் குரல் 3, 4, 6, 7 ஆகியவற்றில் விழும். 4-இன் குரல் 5, 6, 8, 9 ஆகியவற்றிலும், 5-இன் குரல் 6, 7, 9, 10 ஆகியவற்றிலும் விழும்.

முதல் முறையில் நான்கு நிலையங்கள் ஒன்றாகப் பேசட்டும். 1 பேசுவது 2-க்கு. 2 பேசுவது 4-க்கு. 4 பேசுவது 8-க்கு. 5 பேசுவது 10-க்கு. கேட்போர் 2, 4, 8, 10 ஆகியோர். மேலே எழுதிய பட்டியலைப் பாருங்கள். 2 என்னும் எண் ஒரே ஒரு பட்டியலில்தான் உள்ளது. 4, 8, 10 ஆகியவையும் அவ்வாறே. ஒவ்வொருவர் காதிலும் ஒரே குரல்! அடுத்த முறையில் எல்லா எண்களையும் ஒன்று கூட்டிவிடுங்கள்: 2 பேசுவது 3-க்கு, 3 பேசுவது 5-க்கு, 5 பேசுவது 9-க்கு, 6 பேசுவது 11-க்கு. மீண்டும் இடையூறில்லை. இவ்வாறு முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே சென்றால் எல்லாக் கோடுகளும் ஒவ்வொரு முறை வந்து தீர்கின்றன.

இதே விதியை 1, 2, 3 என்னும் எண்களைக் கொண்டு அமைத்துப் பாருங்கள். 1 பேசுவது 2-க்கு, 2 பேசுவது 4-க்கு, 3 பேசுவது 6-க்கு என்று வரும். 4 என்னும் நிலையத்தில் 1-இன் குரலும் விழுகிறது, 2-இன் குரலும் விழுகிறது, 3-இன் குரலும் விழுகிறது. மூன்று குரல்கள் மோதி ஒன்றும் விளங்காமற் போகிறது.

முன்னது வாழ்ந்ததற்கும் பின்னது வீழ்ந்ததற்கும் காரணம் ஒன்றே. 1, 2, 3 என்பவை சம இடைவெளியில் நிற்கும் எண்கள். நடு எண் மற்ற இரண்டிற்கும் சரிபாதியில் உள்ளது. 1, 2, 4, 5 என்னும் தொகுதியிலோ எந்த மூன்றை எடுத்தாலும் ஒன்று மற்ற இரண்டின் நடுவில் நிற்பதில்லை. கூட்டுத் தொடராக அமையும் மூன்று எண்கள் இல்லாத தொகுதி எதுவாயினும், மேற்சொன்ன முறையில் அது தூய பொருத்தங்களைத் தரும். தொகுதி எவ்வளவு பெரிதோ, ஒரே முறையில் பேசுவோர் தொகையும் அவ்வளவு பெரிது.

முள்வேலிக்குள் ஒரு கணித வகுப்பு

அவ்வாறாயின் இத்தகைய தொகுதி எவ்வளவு பெரிதாக இருக்க முடியும்? இதற்கு 1946-இல் வியப்பான விடை அளித்தவர் ஃபீலிக்ஸ் பேரெண்ட் என்பவர். ஜெர்மனியில் பிறந்த யூத மரபினர். நாஜிகளின் ஆட்சியிலிருந்து தப்பி இங்கிலாந்து சென்றார். அங்கே, போர்க்காலத்தில் பகை நாட்டவர் என்று பிடித்து வைக்கப்பட்டார். 1940-இல் டூனெரா என்னும் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டு முகாமில் அடைக்கப்பட்டார். பகைவனிடமிருந்து தப்பி வந்தவரைப் பகைவர் என்றே அடைத்து வைத்த காலம் அது. அம்முகாமில் அவர் உடனிருந்த இளைஞர்களுக்குக் கணித வகுப்புகள் நடத்தினார். விடுதலை பெற்றபின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகிப் பணி தொடர்ந்தார்.

பேரெண்டின் கருத்தைச் சுருங்கச் சொல்லலாம். உருண்டை ஒன்றின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இட்டு அவற்றின் நடுப்புள்ளியைத் தேடினால், அது உருண்டையின் உள்ளே அமையுமே அன்றி மேற்பரப்பில் அமையாது. ஒரு நேர்க்கோடு உருண்டையின் மேற்பரப்பை இரண்டு இடங்களுக்கு மேல் தொடுவதில்லை. ஆகவே உருண்டைப் பரப்பில் உள்ள புள்ளிகளுள் எதுவும் மற்ற இரண்டின் நடுவில் நில்லாது. இப்புள்ளிகளின் ஆயங்களை ஓர் எண்ணின் இலக்கங்களாக எழுதிவிட்டால், கூட்டும்போது மிகுதி அடுத்த இலக்கத்திற்கு ஏறாதவாறு பார்த்துக்கொண்டால், நாம் தேடிய எண் தொகுதி கிடைத்துவிடும். இரண்டு, மூன்று பரிமாணங்களில் இதன் பயன் சிறிது. பரிமாணங்களைப் பெருக்கிக்கொண்டே போனால் தொகுதி மிகப் பெரிதாகிறது. எண்களின் எல்லையை உயர்த்த உயர்த்த, அதன் 0.99-ஆம் அடுக்கையும் அத்தொகுதி மிஞ்சிவிடுகிறது.

உருண்டை, நடுப்புள்ளி என்னும் இவ்விரண்டு சொற்களையும் அவையோர் நினைவில் வைத்தல் வேண்டும். அறுபத்தாறு ஆண்டுகள் கழிந்து இவை மீண்டும் வரவிருக்கின்றன.

நிறுவப்பட்ட எல்லை

பேரெண்டின் தொகுதி பெரிதேயாயினும், எல்லை வரையுள்ள எண்களில் அதன் பங்கு மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டே போகிறது. அதற்குக் காரணம் அவருடைய திறமைக் குறைவன்று. 1953-இல் கிளாஸ் ரோத் என்பார், எண்களுள் ஒரு மாறாத பங்கை, நூற்றுக்கு ஒன்று என்றாலும் சரி, எடுத்துக்கொண்டால் எல்லை பெருகும்போது அதனுள் கூட்டுத் தொடர் ஒன்று வந்தே தீரும் என்று நிறுவினார்.

இதனினும் ஆழமான முடிவை 1978-இல் இம்ரே ருசா, எந்த்ரே செமெரெடி என்னும் அங்கேரி நாட்டுக் கணிதர் இருவர் வெளியிட்டனர். செமெரெடி மருத்துவப் படிப்பை இடையில் விட்டு, தொழிற்சாலையில் வேலை பார்த்து, அதன் பின்னரே கணிதத்திற்கு வந்தவர். 2012-இல் ஆபெல் பரிசு பெற்றவர். ஒரு வலையில் புள்ளிகள் எத்தனையோ அத்தனை தூய பொருத்தங்களை மட்டும் கொண்டு அதனைக் கட்டினால், அவ்வலை அடர்த்தியாக இருக்க முடியாது; புள்ளிகள் பெருகப் பெருக, இருக்கக்கூடிய கோடுகளில் அதன் பங்கு சுழியை நோக்கிச் சுருங்கும். இதுவே அவர்கள் கண்ட முடிவு. எண்களைக் கொண்டு கட்டினாலும் வேறு எவ்வாறு கட்டினாலும் இவ்வெல்லையைத் தாண்ட இயலாது. இது கருத்தன்று, நிறுவப்பட்ட உண்மை. இங்கே "முடியாது" என்ற சொல்லுக்கு முன் நாம் தலை வணங்கியே ஆக வேண்டும்.

கருதப்பட்ட எல்லை

1993-இல் யிட்சாக் பிர்க், நாதன் லினியல், ராய் மெஷுலம் ஆகிய மூவர் செய்தித் தொடர்பு பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். பல நிலையங்கள் பொதுவான ஊடகங்களைப் பங்கிட்டுக் கொள்கின்றன. ஒவ்வொரு நிலையமும் மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு நிலையத்தை இரு குரல்கள் எட்டினால் இரண்டும் கெடும். எல்லாச் செய்திகளும் எத்தனை முறைகளில் போய்ச் சேரும் என்பது அவர்கள் எழுப்பிய வினா. நம் ஓராசிரியர் பள்ளியின் கணக்கு இங்கே பொறியியல் வடிவம் பெற்றது. அடர்த்தியான வலையில் பெரிய தூய பொருத்தங்கள் கிடைக்குமாயின் முறைகள் குறையும். கிடைக்காவிடில் ஒவ்வொருவரும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியதுதான். அவர்கள் அடர்த்தியான வலைகளை அமைத்துக் காட்டினர். ஆயினும் அவற்றுள் தூய பொருத்தங்கள் சிறியனவாகவே இருந்தன.

அடர்த்தியைக் கைவிடாமல், புள்ளிகளின் எண்ணிக்கையினது ஏதேனும் ஓர் அடுக்களவு, மிகச் சிறிய அடுக்காயினும் சரி, பொருத்தத்தைப் பெரிதாக்க இயலாது என்று மெஷுலம் கருதினார். இதுவும் ஒரு "முடியாது" தான். ஆனால் இது நிறுவப்பட்டதன்று; அனுபவத்தால் கருதப்பட்டது. அவரும் அதனை உண்மை என்று சாதிக்கவில்லை. ஊகம் என்றே பெயரிட்டு வைத்தார். நேர்மையான அறிஞர் செய்வது அது. பின்னே வருவோர் தாக்கிப் பார்க்கட்டும் என்று எல்லைக்கல்லை நட்டு, அதன்மேல் தம் பெயரையும் எழுதி வைப்பது போன்றது.

உருண்டையின் எதிர்முனை

2012-இல் நோகா ஆலோன், அங்கூர் மோய்த்ரா, பென்னி சுடகோவ் ஆகிய மூவர் அந்தக் கல்லைப் பெயர்த்தனர். பெயர்த்ததோடு நில்லாமல் எவரும் எதிர்பாராத தொலைவுக்கு அதனைக் கொண்டு சென்றனர். அவர்கள் அமைத்த வலையில் அனைத்துக் கோடுகளும், புறக்கணிக்கத்தக்க ஒரு சிறு பகுதி நீங்கலாக, உள்ளன. அவ்வலை முழுவதும் தூய பொருத்தங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு பொருத்தத்தின் அளவும் புள்ளிகளின் எண்ணிக்கையினது அடுக்காக எழுதினால் ஒன்றை அணுகிக்கொண்டே போகிறது.

அதன் அமைப்பு முறையைச் சொல்லுகிறோம். ஒவ்வொரு புள்ளியும் ஆயிரம் இலக்கங்கள் கொண்ட ஒரு நீண்ட வரிசை எனக் கொள்ளுங்கள். ஆயிரம் முறை நாணயத்தைச் சுண்டினால் தலை விழுவது ஏறத்தாழ ஐந்நூறு முறை என்பதை அறிவோம். தொள்ளாயிரம் முறை தலை விழக் கண்டவர் இல்லை. அதே நியாயத்தால், இத்தகைய வரிசைகளுள் இரண்டைக் குருட்டாம்போக்கில் எடுத்து அவற்றின் இடைத்தொலைவை அளந்தால், அது ஏறக்குறைய எப்பொழுதும் ஒரே அளவாகவே இருக்கும். பரிமாணம் பெருகினால் எல்லாரும் எல்லார்க்கும் சம தொலைவினர் ஆகிவிடுகின்றனர். இந்தப் பொதுத் தொலைவில் இருக்கும் சோடிகளுக்கெல்லாம் கோடு இழுத்துவிடுக. ஏறத்தாழ எல்லாச் சோடிகளும் இணைந்துவிட்டன. வலை அடர்ந்துவிட்டது.

இனிப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் அதன் நடுப்புள்ளியின் பெயரில் பதிவு செய்க. ஒரு நடுப்புள்ளியை எடுத்துக்கொண்டால், அதிலிருந்து பொதுத் தொலைவில் பாதித் தொலைவில் நிற்கும் புள்ளிகள் எல்லாம் ஓர் உருண்டையின் ஓடு போல அமைகின்றன. அவ்வோட்டின் மேல் நிற்கும் இருவர்க்குக் கோடு எப்பொழுது உண்டு? அவர்கள் இடைத்தொலைவு பொதுத் தொலைவாக, அதாவது உருண்டையின் முழு விட்டமாக இருக்கும்போது மட்டுமே. நிலவுருண்டையை நினைத்துப் பாருங்கள். முழு விட்டத் தொலைவில் நம்மிடமிருந்து நிற்பவர், நம் காலடியிலிருந்து புவியின் மையத்தை ஊடுருவிச் சென்றால் மறுபுறம் எதிர்முனையில் நிற்பவர் ஒருவரே. பக்கத்து ஊரார்க்கும் நமக்கும் இடையே அத்தொலைவு இல்லை. அடுத்த கண்டத்தார்க்கும் இல்லை. ஆகவே ஓட்டின் மேல் ஒவ்வொருவர்க்கும் எதிர்முனையில் மட்டுமே இணை உண்டு. பிறரோடு கோடே இல்லை. தூய பொருத்தம் தானாக அமைந்துவிட்டது.

தொலைவுகள் துல்லியமாகச் சமமாக இல்லாமல் சற்றே ஏறி இறங்குவதால், எதிர்முனையில் ஒருவர்க்குப் பதிலாக ஒரு சிறு குழு இருக்கும். அக்குழு சிறிதாகையால், ஓடு ஒவ்வொன்றையும் சில தூய பொருத்தங்களாகப் பங்கிட்டுவிடலாம். நடுப்புள்ளிகளின் எண்ணிக்கையோ புள்ளிகளின் எண்ணிக்கையைவிட மிகுதியும் கூடியதன்று. கணக்கு முடிந்தது. பேரெண்ட் கையாண்ட உருண்டையும் நடுப்புள்ளியும் மீண்டும் வந்து துணை செய்ததைக் கண்டீர்கள்.

இரண்டு முடிவுகளையும் இப்பொழுது அருகருகே வைத்துப் பார்ப்போம். புள்ளிகளின் எண்ணிக்கை அளவே பொருத்தங்கள் இருந்தால் வலை அடர்த்தி பெறாது என்பது 1978-இன் முடிவு. பொருத்தங்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அடுக்கு ஒன்றைவிட அணுவளவு கூடினால், வலை ஏறத்தாழ முழுமையே பெற்றுவிடும் என்பது 2012-இன் முடிவு. ஒன்றுமே கூடாது என்பதற்கும் எல்லாமே கூடும் என்பதற்கும் இடையே இருந்தது ஒரு மயிரிழை. நெடுந்தூரம் பரந்த மலை என்று எண்ணியிருந்தது ஒரு மெல்லிய வேலியாக முடிந்தது. அந்த மயிரிழையின் சரியான அளவு என்ன என்பது மட்டும் இன்னும் தீராத வினா. கூட்டுத் தொடர்க் கணக்கில் பேரெண்டின் அமைப்பு ஏறத்தாழ இறுதி எல்லையை ஒட்டியே நிற்கிறது என்பதை 2023-இல் சேண்டர் கெல்லி, ரகு மேகா ஆகிய இருவர் காட்டினர். தூய பொருத்தக் கணக்கில் அவ்வளவு தெளிவு இன்னும் பிறக்கவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் மாணவருள் ஒருவர்க்கு அது காத்திருக்கலாம்.

பயன்கள்

இதனால் யார்க்கு என்ன பயன் என்று பெற்றோர்கள் கேட்பது நியாயம். மூன்றினைக் கூறுகிறோம்.

முதலாவது, மேலே சொன்ன பொது ஊடகச் செய்தித் தொடர்பு. ஒரே ஊடகத்தில் எல்லாரும் எல்லார்க்கும் கேட்குமாறு அமைத்தால், முறைகளின் எண்ணிக்கை நிலையங்களின் எண்ணிக்கையினது இருபடி அளவு ஆகும். நிலையச் சோடிகள் அனைத்தையும் இரண்டே ஊடகங்களுக்குப் பங்கிட்டு, அந்த இரண்டாம் அடுக்கை 1.942-ஆம் அடுக்கினும் கீழே கொண்டுவரலாம் என்று 2012-ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டுகிறது. ஊடகங்களை ஒரு மாறாத எண்ணளவு கூட்டினால் அடுக்கு ஒன்றை வேண்டிய அளவு நெருங்கும். இதனை மிகைப்படுத்திச் சொல்ல நாம் விரும்பவில்லை. பத்து இலட்சம் நிலையங்கள் உள்ள வலையில் அந்த 0.058 அடுக்கு தரும் மிச்சம் ஏறத்தாழ இரண்டேகால் மடங்கே. நாளையே கடைத்தெருவுக்கு வரும் கருவி இதனால் பிறந்துவிடாது. எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்பதைக் காட்டும் கைகாட்டி மரம் இது. கைகாட்டி மரம் நம்மைச் சுமந்து செல்வதில்லை. ஆயினும் அது இல்லாமல் பயணம் இல்லை.

இரண்டாவது, கணிப்பொறி தரும் விடையைச் சரிபார்க்கும் முறை. கூட்டல் விதிக்கு அடங்கும் ஒரு சார்பைத் தருவதாக ஒரு பொறி சொல்லுகிறது. அதாவது இரண்டு எண்களுக்குத் தனித்தனியே தரும் விடைகளைக் கூட்டினால், அவ்வெண்களின் கூட்டுத்தொகைக்கு அது தரும் விடை வர வேண்டும். ஒரு சோதனைக்கு மூன்று வினாக்கள் தேவை. 45 சோதனைகளைத் தனித்தனியே செய்தால் 135 வினாக்கள் ஆகும். பத்து எண்களை மட்டும் எடுத்து, அவற்றிற்கிடையே உள்ள 45 சோடிகளையும் சோதித்தால் 55 வினாக்களே போதும். ஆனால் ஒரே எண் பல சோதனைகளிற் கலந்திருப்பதால், சோதனைகள் ஒன்றையொன்று சார்ந்து வலுவிழக்குமோ என்னும் ஐயம் எழுகிறது. இவ்வகைச் சோதனையை 2000-இல் அலெக்ஸ் சமரோட்னிட்ஸ்கி, லூகா திரெவிசான் ஆகியோர் ஆராய்ந்தனர். யோகன் ஹோஸ்டாட், அவி விக்டர்சன் ஆகியோர் அதற்கு எளிய விளக்கம் கண்டனர். பிற எண்களை நிலையாக வைத்துப் பார்த்தால், ஒரு தூய பொருத்தத்தில் அடங்கிய சோதனைகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்து நிற்கின்றன. ஆகவே தூய பொருத்தங்களாகப் பிரியும் வலை இங்கும் துணை செய்கிறது.

மூன்றாவது பயன் எதிர்த்திசையில் அமைந்தது. வேலை தேடுவோர் ஒருபுறம், வேலைகள் மறுபுறம் எழுதப்பட்ட ஒரு பெரும் பேரேடு உள்ளது. அதனை ஒரு முறை மட்டுமே புரட்டலாம். குறிப்பெழுதச் சிறு தாளே உண்டு. எத்தனை பேருக்கு வேலை பொருத்த முடியும்? முதற் பாதியைப் பார்க்கும் எழுத்தர் காண்பது தூய பொருத்தங்களாலான வலை எனக் கொள்வோம். அவர் தம் குறிப்பை இரண்டாம் எழுத்தரிடம் தருகிறார். இரண்டாம் பாதி, ஒரே ஒரு தூய பொருத்தத்தில் உள்ளவர் நீங்கலாக மற்ற எல்லார்க்கும் வேறு இணை காட்டிவிடுகிறது. இப்பொழுது தேவைப்படுவன அந்தப் பொருத்தத்தின் கோடுகள் மட்டுமே. அது தூய பொருத்தமாகையால் அவற்றிற்கு மாற்றுக் கோடுகள் இல்லை. எந்தப் பொருத்தம் தேவைப்படும் என்பதை முதல் எழுத்தர் முன்னரே அறியார். எல்லாவற்றையும் எழுதி வைக்கத் தாளில் இடமும் இல்லை. இவ்வழியே, புள்ளிகளின் எண்ணிக்கையை ஒட்டிய நினைவிடத்தோடு ஒரே முறை புரட்டும் எந்த முறையும், உயர்ந்த அளவில் மூன்றில் இரண்டு பங்கைவிட மிகுதியாகப் பொருத்துவதாக உறுதி கூற இயலாது என்று 2012-இல் ஆசிஷ் கோயல், மைக்கேல் கப்ரலோவ், சஞ்சீவ் கன்னா ஆகியோர் நிறுவினர். இடையூறில்லாமை என்னும் பண்பே இங்கு மாற்றில்லாமை என்னும் பண்பாக மாறி நிற்பதைக் காணலாம். ஒரே அமைப்பு ஓரிடத்தில் வழி திறக்கிறது. மற்றோரிடத்தில் வழி இல்லை என்று உறுதி செய்கிறது.

நிறைவுரை

மாணவச் செல்வங்களே, இவ்வளவும் கேட்டபின் கணக்கு விவரங்கள் சில மறந்து போகலாம். 1, 2, 4, 5 என்னும் கைக்கணக்கை மட்டும் வீட்டிற் சென்று மீண்டும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். அதனோடு 3-ஐச் சேர்த்தும் போட்டுப் பாருங்கள். ஓர் எண் கூடினால் ஒழுங்கு எவ்வாறு குலைகிறது என்பதைக் கையால் எழுதிக் கண்டவர் மறக்க மாட்டார்.

அதனோடு, உலகில் "முடியாது" என்னும் சொல் இரண்டு வகைப்படும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். ஆராய்ந்து நிறுவப்பட்ட "முடியாது" ஒன்று. ருசாவும் செமெரெடியும் சொன்னது அத்தகையது. அதனோடு மோதுவது காலத்தை வீணாக்கும். அதனை அறிந்து மதிப்பதே அறிவு. இதுவரை எவரும் செய்யவில்லை என்பதனால் கருதப்பட்ட "முடியாது" மற்றொன்று. அதன் முன் பணிய வேண்டிய கடமை எவர்க்கும் இல்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: "இதற்கு நிறுவல் எங்கே?" இக்கேள்வியைக் கேட்கும் துணிவையும், விடை வந்தால் ஏற்கும் நேர்மையையும் தருவதே கல்வி.

இக்கேள்வியைக் கேட்கக் கற்றுத் தரும் பணியில் இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்துள்ளது. அப்பணி மேன்மேலும் ஓங்குக என வாழ்த்தி அமைகிறோம்.